வடசென்னை கறுப்பு வெள்ளை, மயிலாப்பூர் கலர்: ஒரு புகைப்படத் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

நாங்கள் ஐந்து பேர். இரண்டு பேர் ஐ.டி. வேலை, ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் கல்யாண போட்டோகிராபர், நான் அச்சகத்தில் டிசைனர். சென்னையின் நாலு பேட்டைகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்து படமெடுப்பது என்று ஒரு செப்டம்பரில் தொடங்கினோம். ஜார்ஜ் டவுன், ராயபுரம் - காசிமேடு, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர். நாலும் கடற்கரைப் பக்கம், நாலும் பழையவை. ஒரு நகரத்துக்குள் எத்தனை ஊர் இருக்கிறது என்பதைப் படங்களில் காட்ட வேண்டும் என்பதுதான் ஆசை.

மூன்று மாதம் கழித்து ஆளாளுக்குத் தேர்ந்தெடுத்ததை நாலுக்கு ஆறு அளவில் அச்சுப் போட்டு, ஆசிரியை வீட்டு ஹால் சுவரில் ஒட்டினோம். பேட்டைக்கு 30 படம், மொத்தம் 120. எங்களுக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. அப்போது ஆசிரியையின் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு சுவரைப் பார்த்தார். அவர் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒவ்வொரு வரிசையாக மெதுவாகப் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டார்: "எங்க ஊர்ல மட்டும் ஏம்பா வெயிலே அடிக்கல?"

அதற்கப்புறம்தான் எண்ணிப் பார்த்தோம். ராயபுரம் - காசிமேடு படங்கள் 30-இல் 24 கறுப்பு வெள்ளை. மயிலாப்பூரில் ஒன்றே ஒன்று. ஜார்ஜ் டவுன் பாதிக்குப் பாதி. திருவல்லிக்கேணியில் மசூதி கலர், மேன்சன்கள், அதாவது தனியாள்கள் தங்கும் விடுதிகள், கறுப்பு வெள்ளை. இப்படிப் பிரிக்க வேண்டும் என்று எங்களில் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து பேரும் தனித்தனியே உட்கார்ந்து எடிட் செய்தவை இவை.

இந்த ஆய்வு அந்தச் சுவரைப் பற்றியது. அது எப்படி நடந்தது, அப்புறம் என்ன மாற்றினோம், எது மாறியது, எது மாறவில்லை.

கேமரா எழுதிவைத்த சாட்சி

ஒவ்வொரு படக் கோப்போடும் எடுத்த நேரம், லென்ஸின் குவியத் தூரம், ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண்) எல்லாவற்றையும் கேமராவே எழுதிவைத்துவிடும். 120 படங்களின் விவரத்தையும் ஒரு அட்டவணையில் போட்டோம். காரணம் அங்கேயே இருந்தது.

காசிமேட்டில் எடுத்தவை பெரும்பாலும் காலை நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில். மீன் ஏலம் நடக்கும் நேரம் அதுதான், சரி. ஆனால் இருட்டு. எல்.இ.டி. விளக்கும் குண்டு பல்பும் கலந்த வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 6400-க்குப் போனால் தோலின் நிறம் பச்சையும் மஞ்சளுமாகத் திரியும், நிழலில் வண்ணப் புள்ளிகள் தெறிக்கும். கறுப்பு வெள்ளையாக்கினால் அத்தனையும் மறைந்துவிடும். மறைத்ததைத்தான் நாங்கள் அழகு என்று நினைத்துக்கொண்டோம்.

மயிலாப்பூருக்கோ எப்போதும் மாலை நாலரைக்கு மேல்தான் போயிருக்கிறோம். கோபுரத்தின் மேல்பாதியில் மஞ்சள் வெயில் விழும் நேரம்.

லென்ஸ் விவரம் இன்னும் சங்கடமானது. மயிலாப்பூரில் 35 மி.மீ., அதாவது எதிரே நின்று பேசும் தூரம். காசிமேட்டில் 135, 200. யாரிடமும் பேசாமல் தள்ளி நின்று எடுத்த படங்கள். மாட வீதியில் பூ கட்டும் பெண்மணியிடம் "அம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்ட அதே ஆள், மீன் வெட்டும் பெண்ணிடம் கேட்கவில்லை. அந்த ஆள் நான்தான்.

மூன்றாவது, எடிட்டிங். வடசென்னை முகங்களில் க்ளாரிட்டி ஸ்லைடரை நாங்கள் ஐந்து பேருமே ஏற்றியிருந்தோம். அதை ஏற்றினால் சுருக்கம் ஆழமாகும், வியர்வை மின்னும், தாடி முள்ளாகத் தெரியும். மயிலாப்பூர் மாமிகளுக்கு அதை யாரும் ஏற்றவில்லை. கல்யாண போட்டோகிராபர் தம்பி சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "அண்ணே, கல்யாணத்துல பொண்ணோட அம்மாவை இப்படி எடுத்துக் குடுத்தா மண்டபத்துலயே சண்டை வரும்."

படம் எடுக்கும் முன்பே எடுத்து முடித்த படம் ஒன்று எங்கள் தலையில் இருந்திருக்கிறது. வடசென்னை என்றால் வியர்வை, மயிலாப்பூர் என்றால் மல்லிகை. அதற்குப் பொருந்துவதைத் தேடிப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

இந்த ஊரையே நிறத்தால்தான் பிரித்தார்கள் என்பது அப்போது திரும்பத் திரும்ப மனதில் வந்தது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரை கிடைத்ததும், கோட்டைக்குள் இருந்தது வெள்ளையர் நகரம், அதன் வடக்கே நெசவாளரும் வியாபாரிகளும் குடியேறியது கறுப்பர் நகரம். வரைபடத்திலேயே அப்படித்தான் எழுதினார்கள். 1746-இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய் 1749-இல் திரும்பக் கிடைத்த பின், பீரங்கி சுட எதிரே வெட்டவெளி வேண்டும் என்று பழைய கறுப்பர் நகரம் இடித்துத் தள்ளப்பட்டது. இன்று உயர்நீதிமன்றம் நிற்பது அந்த மண்ணில்தான். ஜனங்கள் இன்னும் வடக்கே, முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் போனார்கள். வீடு கட்டக் கூடாத எல்லையைக் காட்ட நட்ட தூண்களில் ஒன்று இன்னமும் பாரிமுனையில் நிற்கிறது. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் ஜார்ஜ் டவுன் ஆனது. பெயர் போய் நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. எங்கள் சுவரில் பிரிவு மட்டும் இருந்தது.

ஐந்து விதி

ஜனவரியில் மறுபடி தொடங்கினோம். எல்லாப் பேட்டைக்கும் ஒரே 35 மி.மீ. லென்ஸ். எல்லாமே கலர். ஆள் இருக்கும் படமென்றால் ஆளுக்கு மூன்று மீட்டருக்குள் நிற்க வேண்டும், கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு பேட்டைக்கும் நாலு வேளையும் போக வேண்டும்: காலை ஐந்தரை, பதினொன்று, மாலை நாலு, இரவு எட்டு. படத்தில் இருப்பவரின் கைக்கு அச்சு போன பிறகுதான் அந்தப் படம் எங்கள் தொகுப்பில் சேரும்.

காலை ஐந்தரை மணி நடைக்குச் சின்ன விஷயம் ஒன்று. ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு சென்னையின் வெளிக்காற்றுக்கு வந்தால் லென்ஸ் மேல் பனி படிந்துவிடும், துடைத்தாலும் மறுபடி படியும். முதல் நாள் அரை மணி நேரம் போனது. முந்தின இரவே கேமராப் பையை ஏசி இல்லாத அறையில் வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை.

பதினொன்று மணி வெயில்

விதிகளில் எங்களுக்குப் பெரிய பரிசு கொடுத்தது அந்தப் பதினொன்று மணி. உச்சி வெயிலில் படமெடுக்காதே என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள். ஜார்ஜ் டவுனுக்கு அது பொருந்தாது.

தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெரு, பவளக்காரத் தெரு எல்லாம் தெற்கு வடக்காக ஓடுகிறவை. ஒடுக்கமான தெரு, இரண்டு பக்கமும் மூன்று நாலு மாடி. காலை மென்வெயில் மேல்மாடி ஜன்னலோடு நின்றுவிடும், தெருவுக்கு இறங்காது. பத்தரைக்கு மேல்தான் ஒரு பட்டையாகத் தரையைத் தொடும், ஒரு மணிக்கெல்லாம் ஏறிப் போய்விடும். குறுக்கே கிழக்கு மேற்காகப் போகும் என்.எஸ்.சி. போஸ் சாலையில் கதையே வேறு: காலையில் கடல் பக்கமிருந்து வெயில் சாலை நீளத்துக்கு வரும். அதனால் காலையில் பூக்கடைப் பக்கத்து அந்தச் சாலை, பத்தரைக்கு மேல் உள்தெருக்கள் என்று நடையை மாற்றிக்கொண்டோம். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் சென்னைக்கு நேர் மேலே வரும், நட்டுவைத்த கம்பத்துக்கு நிழலே விழாது. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் அப்படித்தான்.

ஆண்டர்சன் தெருவுக்கு நான் பன்னிரண்டு வருஷமாகப் பேப்பர் வாங்கப் போகிறேன். கல்யாணப் பத்திரிகை, அட்டை, ரீம் ரீமாகக் காகிதம். அந்தத் தெருவை அதுவரை படமாக நினைத்ததில்லை. ஒரு பதினொன்றேகாலுக்கு, மீன்பாடி வண்டியில் (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) ரீம் ஏற்றிக்கொண்டிருந்த லோடுமேன் அண்ணன் ஒருவர் குனிந்து கட்டைச் சரிசெய்தார். மேலிருந்து விழுந்த வெயில் வெள்ளைக் காகிதத்தில் பட்டுத் திரும்பி, அவர் முகத்தைக் கீழிருந்து வெளிச்சமாக்கியது. கழுத்தடி நிழல்கூடப் போய்விட்டது. ஸ்டுடியோவில் தெர்மோகோல் பிடித்து வரவழைக்கும் வெளிச்சம் அது. கேட்டேன், நிமிர்ந்து பார்த்தார், "சீக்கிரம் எடு சார், வண்டி நகரணும்" என்றார். மூன்று படம். இரண்டாவதில் அவர் சட்டைப் பையில் செருகிய நீல பில் புத்தகம் தெரிகிறது. கறுப்பு வெள்ளையில் அந்த நீலம் போயிருக்கும், அவர் கணக்கு வைத்துக்கொள்கிற ஆள் என்பதும் சேர்ந்து போயிருக்கும்.

இந்தப் பேட்டையில் தெருவுக்கொரு தொழில். கோடவுன் தெருவில் துணி, நைனியப்ப நாயக்கன் தெருவில் மருத்துவக் கருவிகளும் ரசாயனங்களும், தங்கசாலைப் பக்கம் போனால் மார்வாடி, குஜராத்திக் குடும்பங்களின் கடைகளும் வீடுகளும். பன்முகம் என்று சொல்கிறோமே, அதைத் தலைப்பாகையிலும் பர்தாவிலும் தேடியதுதான் எங்கள் முதல் சுற்றின் தவறு. ஒரே தெருவில் யார் யார் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியர்கள் 1772-இல் கட்டிய மாதா கோயில் இருக்கிறது. அதே தெருவில் கச்சாலீசுவரர் கோயில். அதே தெருவில் அந்தோணியார் கோயில், அங்கே செவ்வாய்க்கிழமை மெழுகுவத்தியோடு வருகிறவர்களின் நெற்றியில் விபூதி, குங்குமம் எல்லாம் இருக்கும். ஆர்மீனியர்கள் எப்போதோ போய்விட்டார்கள், தெருவின் ஆங்கிலப் பெயரிலும் கல்லறைகளிலும் இருக்கிறார்கள். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794-இல் இந்த ஊரில் அச்சடித்த ஹருத்யூன் ஷ்மாவோன்யன் அந்த வளாகத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். அச்சகத்துக்காரன் என்ற முறையில் அந்தக் கல்லுக்கு முன் நான் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றேன்.

வலை ஊசி

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டுக்குப் படமெடுக்கப் போகிறவர்கள் இந்த மாதங்களைத் தவிர்ப்பார்கள், ஏலம் இருக்காது, கூட்டம் இருக்காது என்று. நாங்கள் வேண்டுமென்றே அப்போது போனோம். ஆசிரியையின் அம்மாவும் கூட வந்தார்.

வழியில் ராயபுரம் ஸ்டேஷனை வெளியிலிருந்தே எடுத்தோம், உள்ளே எடுக்க ரயில்வே அனுமதி வேண்டும். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம். தூண் வைத்த அந்தப் பழைய கட்டடம் இன்னும் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் பார்சிகளின் அக்னிக் கோயில். ராயபுரம் என்ற பெயரே ராயப்பரிலிருந்து, அதாவது புனித பேதுருவிலிருந்து வந்தது என்று அம்மா நடந்துகொண்டே சொன்னார்.

துறைமுகத்தில் படகுகளைக் கரையேற்றி வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நீலம், சிவப்பு, பச்சை. எங்கள் முதல் சுவரில் இல்லாத அத்தனை நிறமும் அங்கே டப்பாக்களில் திறந்து கிடந்தது. ஒரு கொட்டகை நிழலில் பெரியவர் ஒருவர் வலை சரிசெய்துகொண்டிருந்தார். கால் கட்டை விரலில் வலையின் ஒரு கண்ணியை மாட்டி விறைப்பாக இழுத்துக்கொண்டு, நூல் சுற்றிய பிளாஸ்டிக் வலை ஊசியை உள்ளே விட்டு, சுற்றி, முடிச்சு. ஒரு முடிச்சுக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை. கண் அதில் இல்லை, எங்கள் மேல் இருந்தது.

"நீ எந்தத் தெரும்மா?" என்று அம்மாவைக் கேட்டார். அவர் சொன்னார். இரண்டு நிமிஷத்தில் இருவருக்கும் பொதுவான ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் பெரியவர் என்னைப் பார்த்து, "உட்காரு தம்பி. நின்னுகினே எடுத்தா என் மண்டைதான் வுழும்" என்றார். அது சரியான பேச்சு. தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவரை நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலையும் குனிந்த முதுகும்தான் வரும். உட்கார்ந்தேன். ஊசி, விரல், முகம் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. முதல் சுற்றில் காசிமேட்டில் நாங்கள் படமெடுத்த ஆட்கள் எல்லாரும் எங்கள் படத்தில் குனிந்தே இருந்ததற்குக் காரணம் அங்கே புரிந்தது.

முதல் சுற்றின் கறுப்பு வெள்ளை அச்சுகள் சில பையில் இருந்தன. காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தவர், தெரிந்த ஒருவரின் முகத்தில் நிறுத்தினார். "இன்னாப்பா இது, செத்துப்போனவங்க போட்டோ மாரி கீது. மாலை ஒண்ணுதான் பாக்கி." நம் வீடுகளில் கறுப்பு வெள்ளைப் படம் எங்கே மாட்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உயிரோடு இருக்கிற மனுஷரிடம் நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்க இருந்தது அதைத்தான்.

மற்ற இரண்டு

திருவல்லிக்கேணி எங்களுக்கு அதிகம் மாறவில்லை, அது ஏற்கெனவே பேசிப் பழகிய பேட்டை. பல்லவர் காலத்துப் பார்த்தசாரதி கோயிலும் 1795-இல் கட்டிய வாலாஜா மசூதியும் நடந்துபோகிற தூரம். நோன்பு மாதத்தில் அந்த மசூதியில் இஃப்தார் உணவைப் பரிமாறுகிறவர்கள் சிந்திகள், பிரிவினையில் சிந்துவை விட்டு வந்த ஒரு பெரியவர் தொடங்கிவைத்த சேவை இது. பல பத்தாண்டுகளாக நடக்கிறது. முதல் சுற்றில் நாங்கள் கஞ்சிக் கிண்ணங்களின் வரிசையை மட்டும் எடுத்திருந்தோம். இந்த முறை கேட்டுவிட்டு, பரிமாறுகிறவர் பக்கம் நின்று எடுத்தோம். மேன்சன் அறைகளுக்கும் உள்ளே போனோம். இரண்டு பேர் படுக்கும் அறையில் பாதிச் சுவர் போட்டித் தேர்வுப் புத்தகம். அந்த அறைகள் இருட்டு இல்லை, ஜன்னலைத் திறந்தால் நல்ல வெளிச்சம்.

மயிலாப்பூரில் வேளைதான் எல்லாவற்றையும் மாற்றியது. அறுபத்துமூவர் திருவிழாவுக்கு மறுநாள் காலை ஐந்தரைக்கு மாட வீதியில் நின்றோம். இரவு முழுக்க நீர்மோரும் சாப்பாடும் கொடுத்த பந்தல்களின் கீழே பாக்குமட்டைத் தட்டும் பேப்பர் டம்ளரும் கணுக்கால் உயரம். துப்புரவுப் பணியாளர்கள் வரிசையாகப் பெருக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒரு அக்கா, "நேத்து எங்க போனீங்க எல்லாம்?" என்று கேட்டார். நேற்று மாலை நாங்கள் அதே இடத்தில்தான் இருந்தோம், பல்லக்கைப் பார்த்துக்கொண்டு. திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தின் கீழே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது, கரையோரம் வீடுகள் இருக்கின்றன. கடல் பக்கம் போனால் நொச்சிக்குப்பம். அங்கே லூப் ரோட்டில் மீன் விற்கிறவர்களை அப்புறப்படுத்துவது பற்றி 2023-இல் பெரிய போராட்டம் நடந்தது, 2024-இல் புது மீன் அங்காடி திறந்தார்கள். இதுவும் மயிலாப்பூர்தான். எங்கள் முதல் 30 படங்களில் இதில் ஒன்றுகூட இல்லை.

கயிற்றில் தொங்கிய படங்கள்

மே மாதம் ஒரு காட்சிக்கூடத்தில் தொகுப்பைக் காட்டினோம். காட்சிக்கூடத்துக்காரர் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் பேசினார். மயிலாப்பூர் பகுதி புதுமையாக இருக்கிறது, வடசென்னைப் பகுதி கொஞ்சம் வலுவில்லாமல் இருக்கிறது, முதல் சுற்றின் கறுப்பு வெள்ளை இருந்தால் அதை வைக்கலாம் என்றார். எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. வலு என்று அவர் சொன்னது வறுமையின் தழும்பைத்தான். இந்த எதிர்பார்ப்பு எங்கள் ஐந்து பேருடையது மட்டும் இல்லை, படம் போய்ச் சேரும் இடத்திலும் அது காத்திருக்கிறது. பழனிகுமார் போன்ற புகைப்படக் கலைஞர்கள் வடசென்னைப் பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்துப் பழக்குவதன் அவசியம் எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. நாங்கள் என்னதான் விதி போட்டாலும் வெளியிலிருந்து போகிறவர்கள்தான்.

காட்சிக்கூடத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஜூன் முதல் ஞாயிறு, தடைக்காலம் முடியுமுன், அந்தப் பெரியவரின் கொட்டகையிலேயே வலை காயப்போடும் கயிற்றில் துணி கிளிப் போட்டு 60 படங்களைத் தொங்கவிட்டோம். நாலு பேட்டைப் படங்களும் கலந்து, ஒரே அளவில். படத்தில் இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் தன் படத்தைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று எழுதிவைத்தோம். ஏற்கெனவே கையில் ஒரு பிரதி வாங்கியவர்களும் வந்தார்கள், வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று. ஆண்டர்சன் தெரு அண்ணன் மீன்பாடி வண்டியிலேயே வந்து எடுத்துக்கொண்டார். மற்ற பேட்டை ஆட்களில் வர முடியாதவர்களின் படத்தை அக்கம்பக்கத்தார் பார்த்துவிட்டு, "இது எந்த ஏரியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாட வீதியைப் பெருக்கும் அக்காவின் படத்தை இங்கேயே ஒருவர் அடையாளம் கண்டு, "எங்க சித்தி" என்று கழற்றிக்கொண்டு போனார்.

மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறி, ஈரத்தில் அச்சுகளின் ஓரம் சுருண்டது. நாலரை மணிக்கு எண்ணினோம். கயிற்றில் 11 மிச்சம். நானும் ஆசிரியையும் அவற்றை இறக்கி வரிசையாக வைத்துப் பார்த்தோம். சூரியனுக்கு எதிரே நிழலுருவமாக ஒரு படகும் ஆளும். மாடிப்படியில் ஏறும் முதுகு. ஈரத் தரையில் கால்கள். ஜன்னல் கம்பியின் நிழல். எடுத்தபோது நாங்கள் அதிகம் பெருமைப்பட்ட படங்கள்தான் எல்லாமே. ஒன்றிலும் இன்னார் என்று சொல்ல ஒரு முகம் இல்லை.

பெரியவர் கிளிப்புகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். பெரம்பூரில் அடுத்த சுற்று தொடங்கியிருக்கிறது, ரயில்வே குடியிருப்புத் தெருக்களில், அதே 35 மி.மீ. லென்ஸோடு.